பதினொன்றாம் வரி

கையை எடுத்த பிறகும் திரையிலிருந்த அந்தச் சின்ன வெள்ளைக் கூட்டல் குறி நடுவுக்குத் திரும்பவில்லை.

ஒரு நகக்கண் அளவு கீழே நின்றது. அவ்வளவுதான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவன் பதினேழு வருடமாகத் தினமும் இதே இருக்கையில் உட்கார்ந்து, இடது பக்கச் சுவரோரம் முளைத்திருக்கும், விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை முன்னால், பின்னால், இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளிப் பார்த்து, கையை எடுத்து, குறி நடுவில் வந்து உட்காருவதைக் கண்ணால் கண்டு டிக் போடுகிறவன். பெண்டாட்டி முகத்தைக்கூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை என்று அவளே சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

சட்டைக் கைநுனியால் திரையைத் துடைத்தான். ஏதோ தூசி ஒட்டிக்கொண்டு குறியைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பது மாதிரி. தன் அறிவுக்கூர்மையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டான். அதற்குள் குறி நடுவுக்கு வந்துவிட்டது. மெதுவாக. யாரோ பக்கத்து இருக்கையின் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்த மாதிரி.

வலது இருக்கையில் யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. பகல் ஒன்றேகால் மணி; பயிற்சி மையத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உயரமான, ஜன்னலே இல்லாத அந்தக் கூடத்தின் நடுவில், ஆறு இரும்புக் கால்களின் மேல், கண்ணில்லாத பெரிய பூச்சி போல நின்றுகொண்டிருந்தது சிமுலேட்டர். வெளியே வெள்ளைப் பெட்டி. உள்ளே விமானத்தின் காக்பிட், ஒரு திருகாணி குறையாமல் அப்படியே. தரையிலிருந்து ஒரு சின்ன இரும்புப் பாலத்தைக் கடந்து உள்ளே வரவேண்டும். உள்ளே வந்துவிட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. எந்த நேரம் வைக்கிறோமோ அந்த நேரம். குளிரூட்டியின் சீரான பெருமூச்சு, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, பழைய காப்பி, அதற்கெல்லாம் அடியில் இருக்கைத் துணிக்குள் ஊறிக்கிடக்கும் இன்னொரு வாடை: பரீட்சைக்கு வந்து உட்கார்ந்து எழுந்த ஆயிரக்கணக்கான விமானிகளின் முதுகு வேர்வை. பயத்துக்கு ஒரு வாசனை உண்டென்று அவன் இங்கேதான் தெரிந்துகொண்டான். அதை மாதம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவுவதும் அவன் வேலைதான்.

இங்கே டெக்னீஷியனான அவனுக்குப் பெயர் ‘தரை’. வைத்தவர் மாப்பிள்ளை. தங்கையின் கணவர், துணை விமானி.

“மச்சான், பதினேழு வருஷமா காக்பிட்டுலயே குடித்தனம் பண்றீங்க. ஒரு அடி எழும்பினது கிடையாது. உங்களை மாதிரி பத்திரமா ஓட்டற விமானி உலகத்துலயே இல்லை!”

அன்று உணவறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மறுநாளிலிருந்து மையம் முழுக்கத் தரை, தரை என்றே கூப்பிட்டார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வைத்த பெயர். சீர் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை இறந்து ஐந்து வாரம்.

குனிந்து, மடியிலிருந்த பலகையில் செருகியிருந்த சோதனைத் தாளைப் பார்த்தான். புதுத் தாள். மொத்தம் இருபத்து மூன்று வரி. பதினொன்றாம் வரியில் மட்டும்தான் இன்று வேலை. ‘இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில்: எச்சரிக்கைக் குரல் கேட்டது.’ பக்கத்தில் ஒரு கட்டம்.

இந்த விமானத்தில் ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவில் கம்பி கிடையாது. விமானி கேட்கிறார், அவ்வளவுதான். மூக்கைக் கொஞ்சம் தூக்கு, கொஞ்சம் இறக்கு என்று மனுப் போடுகிறார். கம்ப்யூட்டர்கள் அந்த மனுவை வாங்கி, தங்களுக்குள் கலந்து பேசி, எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்து, வாலிலிருக்கும் பலகைகளை அசைக்கின்றன. மனுப் போட இரண்டு ஸ்டிக். இடது சுவரோரம் கேப்டனுக்கு ஒன்று, வலது சுவரோரம் துணை விமானிக்கு ஒன்று. ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஒருவர் இழுப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மனுப் போட்டால் கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டும். ஒருவர் மேலே பத்து, மற்றவர் கீழே பத்து என்றால் விடை சைபர். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று எந்தப் பக்கமும் அசையாத ஆண்பிள்ளை மாதிரி, விமானம் பரம சாதுவாக, போன போக்கிலேயே போகும்.

அதற்காகத்தான் அந்தக் குரல். தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண்குரல், கோபமோ அவசரமோ இல்லாமல், ‘டூயல் இன்புட்’ என்று சொல்லும். இரண்டு கை இருக்கிறது, ஒருவர் விடுங்கள் என்று அர்த்தம்.

பயிற்சியாளர்களுக்கு அந்தக் குரலைப் பிடிக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கூடவே ஸ்டிக்கைப் பிடித்துத் திருத்துவது சுலபம். திருத்தும்போதெல்லாம் அது குறுக்கே பேசியது. “நான் பாடம் எடுக்கறேன், அவன் மேல உட்கார்ந்து பாட்டுப் பாடறான். அவன் வாயைக் கொஞ்சம் மூடு தரை” என்றார் ஒருவர். இரண்டு திருகாணி, ஒரு வயர். மூடினான். வருத்தமெல்லாம் படவில்லை. ஒரு விமானி தன்னிடம் உதவி கேட்டதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். எதற்கும் இருக்கட்டும் என்று பழுதுப் பதிவேட்டில் எழுதியும் வைத்தான்: ‘குரல் ஸ்பீக்கர் வயர் கழற்றப்பட்டது. பயிற்சியாளர்கள் கேட்டுக்கொண்டபடி.’ தேதி, கையெழுத்து.

மறுநாள் காலை பதினொன்றாம் வரிக்கு வந்தபோது பேனா ஒரு விநாடி நின்றது. பிறகு டிக் போட்டது. அதற்கடுத்த நாள் நிற்கக்கூட இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு நாள். இருநூற்றுப் பன்னிரண்டு டிக். குரல் கேட்டது, குரல் கேட்டது, குரல் கேட்டது.

அந்த ஏழு மாதத்தில்தான் மாப்பிள்ளை இங்கே பயிற்சி எடுத்தார். ஒருநாள் பாலத்தைக் கடந்து வெளியே வந்தவர், ஈரச் சட்டையை உதறிக்கொண்டே கேட்டார்.

“மச்சான், ஒரு சந்தேகம். நானும் பிடிச்சிருந்தேன், வாத்தியாரும் பிடிச்சிருக்கார். எனக்குத் தெரியவே இல்லை. அந்த மாதிரி நேரத்துல ஏதோ குரல் வரும்னு புத்தகத்துல போட்டிருக்கே?”

“புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான் மாப்ளே. போங்க, போய்ச் சாப்பிடுங்க. எந்தங்கச்சி கட்டிக் குடுத்தது ஆறிப்போகுது.”

மாப்பிள்ளை சாப்பிடப் போனார்.

ஐந்து வாரத்துக்கு முன் ஒரு மாலை, இறங்க வந்த விமானம் மேகத்தில் ஓடுபாதை தெரியாமல் மறுபடி எழும்ப முயன்றது. இருட்டிக்கொண்டிருந்த கடல். திடீரென்று வேகம் கூடினால் முதுகு இருக்கையில் அழுந்தும். கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது, உடம்பு அதை மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்வதாக நம்பிவிடும். நிமிர்கிற மூக்கை அமுக்கத்தான் கை போகும். மாப்பிள்ளையின் கை போனது. விமானம் சரிந்ததும் கேப்டன் மேலே இழுத்தார். பத்தும் பத்தும் சைபர். பதினான்கு விநாடி, சாதுவாகச் சரிந்துகொண்டே போய்க் கடலில் சேர்ந்தது. தொண்ணூற்று மூன்று பேர். அசல் விமானத்தில் குரல் ஒழுங்காக வேலை செய்திருந்தது. ஏழு தடவை சொன்னது பதிவாகியிருக்கிறது. பயிற்சியில் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல், சாகப்போகிற நேரத்தில் முதல் தடவையாகச் சொன்னால் அது காதில் வார்த்தையாக விழாது. கொசுச் சத்தமாகத்தான் விழும்.

‘துணை விமானி கடலை நோக்கித் தள்ளினார்’ என்று பத்திரிகையில் வந்தது. தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அது ‘வேணும்னே தள்ளினான்’ என்று ஆகியிருந்தது. தங்கையின் வீட்டுக் கதவில் யாரோ தாரை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அவன்தான் போய் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவள் பின்னால் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரிண்ணா, தெரியாம தள்ளிட்டார். கேப்டன் இழுக்கறப்ப ஏன் விடலை? குரல் வேற சொல்லுச்சாம். அவர் ஏன் விடலை?”

பதில் அவனிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, சட்டைப் பையில், நான்காக மடித்து. காலையில் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு பதிவேட்டிலிருந்து கிழித்தெடுத்த பக்கம்.

“கதவைச் சாத்து தரை. மூணு மணிக்கு விசாரணைக் குழு வருது. சிமுலேட்டரை ஓட்டிப் பாப்பாங்க. அதுல குரல் வரணும்.”

“வரும் சார்.”

“பதிவேட்டுல ஒரு பக்கம் இருக்கு. இருக்கக் கூடாது.”

அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

“எனக்காகச் சொல்லலைப்பா. அந்தப் பக்கத்துல என் பேரா இருக்கு? உன் கையெழுத்துதான் இருக்கு. காலேஜ் படிக்கற பையனை வச்சிருக்கே.”

“பொண்ணு சார்.”

“பொண்ணா? அப்ப இன்னும் நல்லா யோசி.”

யோசித்தான். “சோதனைக்கு ஒரு ஆள் வேணும் சார். ரெண்டு ஸ்டிக்கையும் சேர்த்து அசைக்கணும்.”

“இந்த வேலைக்கு ரெண்டு ஆள் ஆகாது. நீ ஒருத்தன் இருக்கறதே ஜாஸ்தி.”

கிழித்த பக்கத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. தங்கையிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டையும் கூட்டினால் சைபர். காகிதம் பையிலேயே கிடந்தது. ஆனால் இப்போது, குறி நடுவில் வந்து நிற்பதைப் பார்த்தபடி, அவன் முடிவு செய்துவிட்டான். முடிவு என்று அதற்குப் பெரிய பெயர் வேண்டாம். கை பழக்கத்தில் போனது. குரலைச் சோதிப்பதற்கு முன்னாலேயே பதினொன்றாம் வரிக்கு டிக் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டான். முதலில் டிக், பிறகு சோதனை. ஏழு மாதப் பழக்கம். காகிதத்தைப் போகும்போது கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடலாம். தங்கைக்கு வேறு ஏதாவது செய்யலாம். மாதாமாதம் ஏதாவது.

தலைக்கு மேலிருந்த மூடியைக் கழற்றி, ஸ்பீக்கரின் வயரைப் பொருத்தினான். இரண்டு நிமிட வேலை.

ஒரே ஆளாக இரண்டு ஸ்டிக்கையும் அசைக்க டெக்னீஷியன்களிடம் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு கையையும் விரித்தாலும் இரண்டு சுவரும் எட்டாது. அதனால் ஒரு சைக்கிள் டியூப் துண்டை வலது ஸ்டிக்கில் மாட்டி, கைவைக்கும் திண்டோடு இழுத்துக் கட்டிவிட்டு, இடது பக்கம் வந்து அசைப்பார்கள். டியூப் துண்டு கால்சட்டைப் பையில் இருந்தது. விமானம் தரையில் நிற்கும்போது குரல் பேசாது என்பதால், பின்னாலிருந்த பயிற்சியாளரின் கட்டுப்பாட்டுப் பலகைக்குப் போய் அதைக் காற்றில் வைத்தான். ஆயிரத்து ஐந்நூறு அடி, நண்பகல், தெளிந்த வானம். பெட்டியை ஆட்டும் கால்களை அணைத்தே வைத்தான். திரும்பி வந்து வலது இருக்கைப் பக்கம் குனிந்து, டியூபை மாட்ட ஸ்டிக்கைப் பிடித்தான்.

சூடாக இருந்தது.

எந்திரச் சூடு இல்லை. எந்திரச் சூடு வறண்டிருக்கும். இது ஈரச் சூடு. பேருந்தில் ஒருவர் எழுந்த இடத்தில் உடனே உட்காரும்போது தொடையில் தெரியுமே, அந்தச் சூடு.

கையை இழுத்துக்கொண்டான். சாப்பிடவில்லை, அதுதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டான். வயிறு காலியாக இருந்தால் புத்தி கண்டதையும் மேயும். அவன் சித்தப்பா ஒருவர் விரத நாட்களில் மட்டும் பேய் பார்ப்பார். சிரிப்பு வரவில்லை.

டியூபைக் கட்டாமலே எதிர்ப்புறம் போய் உட்கார்ந்தான். கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு கட்டலாம். நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தான்.

நண்பகல் இல்லை.

சாம்பல் நிற மேகம். கீழே, மங்கலான ஈயத் தகடு போலக் கடல். வெளிச்சம் கடைசி இழுப்பில் இருந்தது. அவன் அழுத்தியது நண்பகல்தான். அழுத்திய விரல் இன்னும் அதை நினைவில் வைத்திருந்தது. பலகையில் ஏதோ கோளாறு. எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்கிறவன்தானே அவன்.

இடது கையை ஸ்டிக்கின் மேல் வைத்தான். ஒரு பழக்கத்துக்காகத்தான். லேசாகப் பின்னால் இழுத்தான்.

“டூயல் இன்புட்.”

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். கோபமில்லை, அவசரமில்லை. அவன் கை ஸ்டிக்கிலேயே உறைந்தது. மற்றொரு கை கால்சட்டைப் பையைத் தொட்டது. டியூப் உள்ளேதான் இருந்தது. சுருண்டு, அவனுடைய வியர்வையோடு.

வயர்க் கோளாறு. வேறென்ன. நீண்ட நாள் கழற்றிக் கிடந்த வயர். எழுந்து, ஸ்பீக்கரை மறுபடி கழற்றி, முழுதாகவே வெளியே எடுத்து, செம்பு நுனிகள் இரண்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, மடியில் வைத்துக்கொண்டான். உள்ளங்கையளவு கறுப்பு வட்டம். ஒன்றோடும் ஒட்டில்லாதது.

ஸ்டிக்கை இழுத்தான்.

“டூயல் இன்புட்” என்றது மடி.

அந்த அதிர்வு தொடை எலும்பில் தெரிந்தது. அலறிக்கொண்டு தட்டிவிட்டான். அது உருண்டு போய் நடுப் பெட்டியின் அடியில் கவிழ்ந்தது. அப்போதுதான், அது உருண்ட திசையில் பார்வை போனபோதுதான், வலது இருக்கையைப் பார்த்தான்.

இருக்கைப் பட்டைகள் பூட்டியிருந்தன. தோளிரண்டிலும், இடுப்பிலும். தொளதொளவென்று இல்லை. ஒரு மார்பின் வளைவுக்கு மேல் இறுகி நின்றன. மார்புதான் இல்லை.

பட்டை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

பின்னால், கதவுக்கு வெளியே, அந்தச் சத்தம் கேட்டது. தினமும் நாலு தடவை கேட்கிற, தூக்கத்திலும் அடையாளம் தெரிகிற சத்தம். மோட்டார் முனகி, இரும்பு இரும்பிலிருந்து விடுபட்டு, பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. பாலம் எழும்பிவிட்டால் கதவு பூட்டிக்கொள்ளும். அவன்தான் அதற்கும் டிக் போடுகிறவன். பூட்டிக்கொண்டது. ஆறு கால்களும் மெல்ல நிமிர்ந்தன. அணைத்து வைத்த கால்கள். தரை அவன் பாதத்தின் கீழிருந்து நழுவியது.

எந்திரங்கள் உறுமின. முதுகு இருக்கையில் அழுந்தியது. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்வதாக உடம்பு சத்தியம் செய்தது. திரையோ மூக்கு கீழே போவதாகச் சொன்னது. ஆயிரத்து நூறு அடி. ஆயிரம். உயரத்தின் எண்கள், மாடிப்படியில் உருட்டிவிட்ட பாத்திரம் மாதிரி இறங்கின. எமர்ஜென்சி பொத்தானை அடித்தான். மறுபடி அடித்தான். ஒன்றும் நிற்கவில்லை.

இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். ஸ்டிக் முழுதாகப் பின்னால் வந்தது. எதிர்ப்பே இல்லை. அதுதான் கொடுமை, எதிரே ஒரு கை தள்ளுகிறதென்று இந்தக் கைக்குத் தெரியவே தெரியாது. திரையில் கூட்டல் குறி நட்ட நடுவில் நின்றது. சைபர்.

தொள்ளாயிரம்.

ஸ்டிக்கின் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அதை அழுத்தினால் மற்ற ஸ்டிக் செத்துப்போகும். மூக்கு ஒரு கணம் தூக்கியது. உடனே எதிர்ப்பக்கம் சின்னதாக ஒரு ‘டிக்’. கடைசியாக அழுத்தியவருக்கே அதிகாரம். மூக்கு கவிழ்ந்தது. அவன் அழுத்தினான். அது அழுத்தியது. அவன். அது.

எழுநூறு. அறுநூறு.

கடல் எழும்பி வந்தது. அலையின் நரம்புகள் தெரிந்தன. இழுத்தான். பல்லைக் கடித்து, காலை உதைத்து, அம்மா என்று கத்தி, இழுத்துக்கொண்டே இருந்தான். எங்கேயோ தூரத்தில் கொசு ரீங்காரம். அதைக் கையால் விரட்டக்கூட நேரமில்லை. இழுத்தான்.

“டூயல் இன்புட்.”

கொசு இல்லை அது. எத்தனை தடவை சொன்னது? ஒன்று கேட்டது. மற்றவை எங்கே போயின? தினமும் காதால் கேட்க வேண்டியவன், குரலைப் பற்றி எல்லாம் தெரிந்தவன், அவனுக்கே கேட்கவில்லை. கடல் வரும்போது கை விடாது. ஏன் விடலை என்று தங்கை கேட்டாளே. இதுதானம்மா. இவ்வளவுதான்.

முந்நூறு.

“மாப்ளே!” என்றான். “விடுங்க மாப்ளே. நான்தான். தரை.”

மூச்சுச் சத்தம். பட்டை உயர்ந்தது, தாழ்ந்தது.

இருக்கையிலிருந்து புரண்டு, நடுப் பெட்டியின் மேல் தவழ்ந்து, எதிர்ச் சுவரை எட்டினான். வலது ஸ்டிக் முழுதாக முன்னால் சாய்ந்து நின்றது. அதைப் பிடித்துப் பின்னால் இழுக்கக் கையை நீட்டினான்.

பிடிக்க அதில் இடமில்லை.

விரல்கள் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. அதற்கு முன்னாலேயே எதன் மேலோ நின்றுவிட்டன. விரல் முட்டிகள். வரிசையாக நான்கு. ஊறிப்போன தோல்.

“விடு மாப்ளே. விடுடா.”

நூறு. ஐம்பது. பூஜ்யம்.

பூஜ்யத்தில் எல்லாம் உறையும். திரை சிவப்பாகும். பயிற்சிக்கு வருகிறவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போவார்கள். அதுதான் இந்தப் பெட்டியின் ஒரே கருணை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்தான்.

சிவப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தான். எண்களுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு முளைத்திருந்தது. கழித்தல் பத்து. கழித்தல் இருபது. கண்ணாடிக்கு வெளியே சாம்பல் பச்சையாகி, பச்சை கறுப்பாகிக்கொண்டிருந்தது. உப்பு வாடை. கணுக்காலில் குளிர்.

“இதோ இருக்கு” என்று அழுதான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். “கிழிச்சது நான்தான். குரலைக் கழட்டினதும் நான்தான். தங்கச்சிகிட்டக் குடுத்துடறேன். எல்லார்கிட்டயும் குடுத்துடறேன். உங்க மேல தப்பு இல்லைன்னு...”

விரித்தான். மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மை கரைந்து நீலக் கறையாக ஓடிக்கொண்டிருந்தது. தேதி போயிருந்தது. வாசகம் போயிருந்தது. அவன் கையெழுத்தில் மட்டும் ஒரு வால் மீதி.

இருக்கையின் அடியில் கிடந்த சோதனைத் தாள் நனையவே இல்லை. பதினொன்றாம் வரியின் டிக் பளிச்சென்று இருந்தது.

கழித்தல் இருநூறு.

“கேக்குது மாப்ளே” என்றான். “இப்பக் கேக்குது.”

ஸ்டிக்கின் மேலிருந்த கை மெல்லத் திரும்பியது. அவன் உள்ளங்கைக்குள் உள்ளங்கை வைத்து, விரல்களுக்கிடையே விரல்களைக் கோர்த்தது. கல்யாணத்தன்று, தங்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் மச்சான் என்று பிடித்த அதே பிடி. ஜில்லென்று இருந்தது.

“டூயல் இன்புட்” என்றது தண்ணீருக்கடியிலிருந்து ஸ்பீக்கர்.

கழித்தல் முந்நூறு. கழித்தல் நானூறு.

கை விடவில்லை.